எதிர்க்காற்று

காலையில் ஜெசிந்தா இருக்கைப் பட்டைகளைச் சரிபார்த்தாள். ஒவ்வொன்றாகப் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், விடுவித்தாள். பிறகு ஜன்னல்களைத் துடைத்தாள். எல்லா ஜன்னல்களிலும் ஓடுபாதை ஓரத்துப் புல் தெரிந்தது. காற்றில் அசைந்தது. அந்தப் புல் கருகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

பவுன்ராஜ் உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இந்த அறையில் அவளுக்கு உதவியாளன். முப்பத்தைந்து வயது. எப்போதும் பசி.

“இன்னைக்குக் காத்து உண்டாக்கா?”

“உனக்கு என்ன அவசரம்?”

“எனக்கென்ன. நேத்து வந்தவங்க மூஞ்சியப் பாத்தீங்கள்ல? கோர்ட்டு வாய்தாவுக்குப் போற மாதிரி. ஒரு அஞ்சு நிமிஷம் காத்து குடுத்தீங்கன்னா சிரிச்சிக்கிட்டே இறங்குவாங்க.”

“பாக்கலாம்.”

பயணிகள் வந்தார்கள். பைகளை மேலே வைத்தார்கள். பட்டைகளைப் பூட்டினார்கள். ஜெசிந்தா பேசுகருவியை எடுத்துத் தினமும் சொல்வதைச் சொன்னாள். “திருச்சியிலிருந்து கோலாலம்பூர். தூரம் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். பயண நேரம் நான்கு மணி.” ஜன்னலில் புல் மெல்லப் பின்னால் நகர்ந்தது. பிறகு ஓடியது. பிறகு கீழே இறங்கியது. காவிரி தெரிந்தது. அதில் தண்ணீர் இருந்தது.

விமானம் நகரவில்லை. அதற்குச் சிறகுகள் இல்லை, சக்கரங்கள் இல்லை. உடலை மட்டும் முனையக் கட்டடத்தின் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முன்கதவு திருச்சியில் திறக்கும். வால்பக்கக் கதவு கோலாலம்பூரில் திறக்கும். அந்த வால்பக்கக் கதவுக்கு இணைவாசல் என்று பெயர். ஜனங்கள் ‘கேட்டு’ என்றார்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு வாசற்படி.

இணைவாசல் வந்த புதிதில் யாரும் உட்காரவில்லை. திருச்சியில் காலைத் தூக்கி மலேசியாவில் வைத்தார்கள். முதல் ஆண்டு அது திருவிழாவாக இருந்தது. இரண்டாம் ஆண்டு டாக்டர்களிடம் கூட்டம் சேர்ந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சாப்பிட்டால் ருசிக்கிறது என்ற செய்தி வந்தது, ருசி வரவில்லை. பிள்ளையைத் தூக்கினால் கனம் தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை. வேலை முடிந்ததும் அவர்கள் விமான நிலையத்துக்குத் திரும்பி வந்து, பெட்டிகள் சுழலும் மேடையருகே நின்றார்கள். என்ன வரவேண்டும் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர்கள் அதை வரவுக்குறை என்றார்கள். உடல் போய்விடுகிறது. மனம் விட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது. பழைய விமானங்களின் வேகம்தான் அது தாங்கிய கடைசி வேகம். அந்த வேகத்துக்கே அதற்கு மூச்சு வாங்கியிருக்கிறது என்பது இப்போதுதான் புரிந்தது. ஊர் திரும்பியவர்களுக்குச் சரியாயிற்று. விட்ட இடத்தில் அது காத்திருந்தது. திரும்ப முடியாதவர்கள் மேடையருகே நின்றுகொண்டே இருந்தார்கள்.

பிறகு சட்டம் வந்தது. பழைய பயண நேரம் முழுவதும் உட்கார்ந்தால்தான் வாசல் திறக்கும். முதலில் வெறும் கூடங்களில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. மனத்துக்கு ஒரு இருக்கை வேண்டியிருந்தது, ஜன்னல் வேண்டியிருந்தது, கீழே நகரும் கடல் வேண்டியிருந்தது. உடைக்கப் போட்டிருந்த விமானங்களைத் தேடிப் பிடித்தார்கள். எப்போதோ ஒரு பயணத்தில் எடுத்த படத்தை ஜன்னல்களில் ஓட்டினார்கள். பொழுதறை என்று பெயர் வைத்தார்கள்.

ஜெசிந்தா இந்தப் பொழுதறையின் தலைவி. காலையில் கோலாலம்பூருக்குப் போகிறவர்களோடு உட்காருவாள். அவர்கள் இறங்கிய பிறகு, அங்கிருந்து வருகிறவர்களோடு மறுபடியும் உட்காருவாள். அவள் உடல் திருச்சியை விட்டு நகர்ந்ததே இல்லை. மனம் தினமும் போய்வந்தது. அதனால் ஒரு தடவை போனால் ஒரு தடவை திரும்பியே ஆக வேண்டும் என்பது ஊழியர்களின் கண்டிப்பான வழக்கம். திரும்பும் அறையைத் தவறவிட்ட ஒருவர் மறுநாள் வரை தன் வீட்டில் விருந்தாளி போல உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்கள்.

வால்பக்கத்தில், பயண நேரத்தை எண்ணி வாசலைத் திறக்கும் பொழுதுமானி இருந்தது. அதன் சாவி அவளிடம் இருந்தது. வலப்பக்கம் திருப்பினால் வாசல் முன்னதாகத் திறக்கும். பழைய விமானங்கள் பின்காற்றில் சற்று முன்னதாகப் போய்ச் சேர்ந்ததை வைத்துக் கொடுத்த சலுகை. பத்து நிமிடம் வரை அவள் இஷ்டம். அதற்கு மேல் என்றால் முத்திரையை உடைக்க வேண்டும். பயணிகள் அதைக் காற்று என்றார்கள். இடப்பக்கம் திருப்பினால் பொழுதுமானி நின்றுவிடும், படமும் நின்றுவிடும். அது எதிர்க்காற்று. அதை யாரும் கேட்டதில்லை.

பன்னிரண்டாம் வரிசை ஜன்னலோரத்தில் இருந்த பெண் கையை உயர்த்தினாள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டி. சாப்பாட்டுத் தட்டு பிரிக்கப்படாமல் இருந்தது.

“தங்கச்சி, காத்து எவ்வளவு குடுப்பீங்க?”

“பத்து நிமிஷம்க்கா. அதுக்கு மேல எங்க கையில இல்ல.”

“பத்தாதும்மா.”

அவள் பெயர் ஜுலைகா. அவள் அத்தா என்று கூப்பிடும் தகப்பனார், கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். அன்றைய முதல் அறை இதுதான்.

“மத்தியானம் லுஹருக்கே தூக்கிறலாம்னாங்களாம். எனக்காகத்தான் சாயங்கால அசருக்குத் தள்ளியிருக்காங்க. தொழுகை முடிஞ்சா தூக்கிருவாங்க. அதுக்கு மேல எப்படி வெக்கச் சொல்றது?”

“கேட்டுலேருந்து கிள்ளான் எவ்வளவு நேரம்?”

“முக்கால் மணி நேரம். தம்பி காரோட நிக்கிறான். எப்படிப் பாத்தாலும் அரை மணி இடிக்குது.”

ஜெசிந்தா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அது காலியாக இருந்தது. ஜன்னலில் கடல் மட்டும் இருந்தது. மேகம் ஒன்று தன் நிழலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த மேகத்தை அவள் ஆயிரம் தடவைக்கு மேல் பார்த்திருந்தாள்.

“அரை மணி முன்னாடி இறங்கினா என்னம்மா ஆகும்?”

“யாரும் இறங்கினதில்லக்கா.”

“முன்னாடியெல்லாம் உக்காராமயே போனாங்கள்ல. ஊருக்கு வந்ததும் சரியாயிருச்சுன்னாங்க.”

“அவங்க விட்டது திருச்சியிலக்கா. தெரு இருக்கு, வீடு இருக்கு. போய் நின்னாங்க, கிடைச்சுது. நீங்க விடப்போறது நடுக்கடல்ல, அந்தரத்துல. அங்க எங்க போய் நிப்பீங்க?”

ஜுலைகா தட்டின் மூடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

“மனசில்லாமப் போய்ப் பாத்து என்னக்கா பிரயோசனம்? பாத்தும் பாக்காத மாதிரிதான் இருக்கும். முழுசாப் போனீங்கன்னா ஆற அமரக் கபர்லயாவது நின்னு அழலாம்.”

“மொகம் மண்ணுக்குள்ள போயிரும் தங்கச்சி. மனசு எங்கயாச்சும் இருக்கும்ல.”

ஜெசிந்தா எழுந்து பின்னால் போனாள். பவுன்ராஜ் வண்டியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

“முத்திரைய ஒடச்சீங்கன்னா வேலை போயிரும்க்கா.”

“தெரியும்.”

“சும்மா சொன்னேன். உங்களுக்குத் தெரியாதா.” அவன் ஒரு தட்டை எடுத்தான், பார்த்தான், திரும்ப வைத்தான். “அந்தம்மா ஒரு வாய் சாப்பிடல. எனக்கே எறங்க மாட்டேங்குது.”

மலாக்கா நீரிணை வந்தது. இந்த இடத்தில் ஜன்னலில் ஒரு கப்பல் வரும். வெள்ளைக் கப்பல். பின்னால் நீளமாக நுரை. எந்த ஊருக்கு எதை ஏற்றிப் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. படம் எடுத்த அன்று அது அங்கே இருந்தது, அதனால் தினமும் இருந்தது. கப்பல் வந்தால் இன்னும் அரை மணி நேரம் என்று ஊழியர்களுக்குக் கணக்கு.

கப்பல் வந்தது.

ஜெசிந்தா பன்னிரண்டாம் வரிசைக்குப் போனாள். “வாங்கக்கா.”

ஜுலைகா எழுந்தாள். அவள் நடந்தபோது மற்றவர்கள் பார்த்தார்கள். யாரும் எழவில்லை. வால்பக்க வரிசையில் இருந்த ஒருவர், கதவருகே நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார், கிணற்றோரத்தில் உட்கார்ந்திருப்பவர் போல.

முத்திரை எளிதாக உடைந்தது. வாசல் திறந்தது. வேறு ஊரின் ஈரமும் மலாய் அறிவிப்பும் உள்ளே வந்தன. ஜுலைகா ஜெசிந்தாவின் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது. உதடு நடுங்கியது. “அல்லாஹ் உங்களை நல்லா வெப்பான்,” என்றாள். படியைத் தாண்டினாள்.

தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தாள். உதடு நடுங்கவில்லை. எங்கோ புகைப்படத்தில் பார்த்த ஒருத்தியைப் பார்ப்பது போல ஜெசிந்தாவைப் பார்த்தாள். பிறகு தலையசைத்துவிட்டு வேகமாக நடந்தாள்.

ஜெசிந்தா வாசலை மூடினாள். பன்னிரண்டாம் வரிசைக்கு வந்து, ஆளில்லாத இருக்கையின் மேல் பட்டையைப் பூட்டினாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. இழுத்துப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது.

மேலதிகாரிகள் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். வேலை போகவில்லை. மாதக் கடைசியோடு பொழுதறையிலிருந்து மாற்றிப் பெட்டி மேடைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். மேடையருகே நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்து வெளியே அழைத்துப் போகும் வேலை. “உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்,” என்றார் ஒருவர். அவர் கேலியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஜுலைகா இறங்கிய நாள் முதல் அவள் அந்தப் பட்டையை விடுவிக்கவில்லை.

“ஜன்னல் சீட்டு எனக்குப் போட்டிருக்கு, இங்க பாருங்க,” என்றார் ஒரு பயணி.

“பெல்ட்டு ரிப்பேர் சார்.”

“பூட்டியிருக்கே, நல்லாத்தானே இருக்கு?”

“தெறக்க மாட்டேங்குது. அதான் ரிப்பேர்.”

பவுன்ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை வேறு இடத்தில் உட்காரவைத்தான். பிறகு பின்னால் வந்து கேட்டான், “அந்த சீட்டுல இப்ப யாருக்கா இருக்கா?”

“யாரும் இல்ல.”

“அப்ப ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?”

அன்று அவன் அந்த இருக்கைக்கும் ஒரு தட்டு வைத்தான். பயணம் முடிந்ததும் அவனே எடுத்துச் சாப்பிட்டான்.

திரும்பும் வழியில் ஜன்னல்களில் அதே படம் பின்னோக்கி ஓடும். மேகங்கள் வந்த வழியே போகும். கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு அரை மணி ஆனதும் கப்பல் வரும். பின்புறமாக நகரும். விட்டுப்போன நுரையைக் கடலிலிருந்து எடுத்துத் தனக்குள் இழுத்துக்கொண்டே வரும். ஜெசிந்தா ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் பன்னிரண்டாம் வரிசைக்கு வந்து நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. சில நாட்களில் பட்டை சற்று முன்னால் இழுபட்டிருப்பது போலத் தோன்றியது. தொட்டுப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது.

மாதம் முடியச் சில நாட்களே இருந்தன. கோலாலம்பூர் வாசல் திறந்தபோது வரிசையில் ஜுலைகா நின்றாள். சதை போட்டிருந்தாள். கையில் பிஸ்கட் டப்பாக்கள் நிறைந்த பை.

“நீங்கதானே அன்னைக்கு இருந்தது?” என்றாள்.

“ஆமாக்கா. அதே சீட்டு இருக்கு, வாங்க.”

ஜெசிந்தா பட்டையை விடுவித்தாள். ஜுலைகா உட்கார்ந்தாள். கோலாலம்பூரின் செம்பனைத் தோட்டங்கள் ஜன்னலில் கீழே இறங்கின. பவுன்ராஜ் வழக்கத்துக்கு முன்னதாகவே அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தான். அவள் உடனே பிரித்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

“போய்ச் சேந்தீங்களாக்கா?” ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“சேந்தேனே. சரியாப் போயிட்டேன். தூக்கறதுக்கு முன்னாடியே.”

“மொகத்தைப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அத்தாவுக்கு மூக்குல பஞ்சு வெச்சிருந்தாங்க.” ஒரு வாய் சாப்பிட்டாள். “எல்லாரும் அழுதாங்க. நான் வந்தவங்களுக்கு டீ போட்டேன். கடைச் சாவி எங்க இருக்குன்னு தேடினாங்க, நாந்தான் எடுத்துக் குடுத்தேன். தம்பி பொண்டாட்டி சொல்றா, இவ நெஞ்சழுத்தக்காரின்னு. இருக்கலாம்.”

“கஷ்டமா இல்லையா?”

“இல்ல. அதான் கஷ்டம்னு தெரியுது. தெரியறதோட சரி.” கரண்டியைத் தட்டில் வைத்தாள், மறுபடி எடுத்தாள். “நேரம் கெடைச்சா ஏர்போர்ட்டுக்குப் போயிருவேன். பொட்டி சுத்துமில்ல, அங்க நிப்பேன். தம்பி வந்து கூட்டிக்கிட்டுப் போவான். அக்கா, உன் பொட்டி அன்னைக்கே வந்துருச்சேம்பான்.”

“இப்ப ஊருக்குப் போனா?”

“ஊர்லயும் இருக்காதே. நீங்கதானே சொன்னீங்க, நடுக்கடல்லன்னு.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. முகவரி சொல்வது போலச் சொன்னாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். “இந்தக் கேசரி நல்லாருக்குன்னு நெனைக்கிறேன்,” என்றாள்.

கரை முடிந்தது. நீரிணை தொடங்கியது. ஜெசிந்தா எழுந்து பின்னால் போகவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இந்த அறை தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் திரும்புகிறது. விட்ட மனம் அங்கேயே நிற்கும் என்றால், அது நிற்பது இந்த வழியில்தான். ஆனால் விமானத்தின் வேகத்தில் ஓர் இடம் எவ்வளவு நேரம் இருக்கும்? வரும்போதே போய்விடும்.

கப்பல் வந்தது. நுரையை இழுத்துக்கொண்டு, பின்புறமாக, மெதுவாக.

ஜுலைகாவின் கை நின்றது. கரண்டியில் கேசரி இருந்தது. அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த இருக்கையின் முதுகைப் பார்த்தாள். யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல மெல்லத் தலையைத் திருப்பினாள்.

“தங்கச்சி.”

“சொல்லுங்கக்கா.”

“அத்தாவுக்கு... மூக்குல பஞ்சு வெச்சிருந்தாங்க.”

கரண்டி தட்டில் விழுந்தது.

ஜெசிந்தா ஓடினாள். பொழுதறையில் யாரும் ஓடுவதில்லை. பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். கப்பல் ஜன்னலின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் சாவியைப் போட்டு இடப்பக்கம் திருப்பினாள்.

பொழுதுமானி நின்றது. கப்பல் நின்றது. நுரையின் ஒவ்வொரு துளியும் விழாமல் நின்றது. ஜன்னல்கள் எல்லாவற்றிலும் ஒரே கடல் அசையாமல் இருந்தது.

“என்னம்மா, ஏன் நின்னுருச்சு?” முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “எனக்குத் திருச்சியில ஆளு காத்துக்கிட்டிருக்காங்க.”

ஜெசிந்தா பேசுகருவியை எடுத்தாள். “எதிர்க்காற்று பலமாக இருக்கிறது. சற்றுத் தாமதமாகும்.”

“எவ்வளவு நேரம்?”

“காத்து எப்ப அடங்கும்னு யாருக்கு சார் தெரியும்? உக்காருங்க,” என்றான் பவுன்ராஜ். அவன் பன்னிரண்டாம் வரிசையருகே நின்றிருந்தான். ஜுலைகாவின் தட்டை எடுத்துவிட்டு, மடக்குப் பலகையை மூடி, அவள் குனிவதற்கு இடம் செய்துகொடுத்திருந்தான்.

எழுந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது அவருக்கும் கேட்டது. முதலில் மூச்சு போல இருந்தது. பிறகு அத்தா, அத்தா என்று கேட்டது. அவர் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. பழைய விமானங்களால் நடுவானில் நிற்க முடிந்ததில்லை.